"என் பையனே வரைஞ்சிருவான்" என்று சொல்கிறவர்களுக்கு

கோலாலம்பூரில் கலைக்கூடங்களைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நவீன ஓவியம் மாட்டியிருக்கிற அறைக்குள் நுழைந்ததுமே யாராவது ஒருவர், "டீச்சர், இத என் பையனே வரைஞ்சிருவான்" என்று சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன வாரம் ஒரு அப்பா, "பாருடா, வெறும் பெயிண்டு" என்று மகனுக்குக் கேன்வாஸை விரலால் தேய்த்தே காட்டினார்.

முதலில் அந்த விரல். தொடாதீர்கள் ஐயா. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் படங்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

சரி, இப்போது அந்தப் "பையன்" விஷயம். ஒழுங்காக வரையத் தெரியாதவர்கள்தான் இப்படிக் கிறுக்குகிறார்கள் என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை. பின்னாளில் முகங்களையே கோணல்மாணலாக உடைத்து வரைந்த பிக்காசோ 1897இல், பதினைந்து வயதில் வரைந்த 'அறிவியலும் அறமும்' படத்தைத் தேடிப் பாருங்கள். படுக்கையில் நோயாளிப் பெண், நாடி பிடிக்கும் டாக்டர், கையில் குழந்தையோடு கன்னியாஸ்திரி, எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பின்னாளில் கறுப்புக் கோடும் சிவப்பு, நீல, மஞ்சள் கட்டமுமாக வரைந்த மோந்திரியான் 1908 வாக்கில் தொடங்கிய 'சிவப்பு மரம்' படத்தில் ஒவ்வொரு கிளையும் தெரியும். 1911இன் சாம்பல் மரத்தில் கிளைகள் வெறும் வளைகோடுகளாகி, இடைவெளிகளுக்கும் கிளைக்குரிய கனம் வந்துவிடுகிறது. 1912இன் பூத்த ஆப்பிள் மரத்தில், தலைப்பைப் படித்தால்தான் மரம் என்றே தெரியும். மூன்றையும் போனில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மரம் வரையத் தெரிந்தவர்தான் மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றியிருக்கிறார்.

அடுத்த கேள்வி, "இதுக்கு என்ன அர்த்தம்?" தீபாவளிக்கு ஷாப்பிங் மாலில் வண்ண அரிசிக் கோலம் போடுகிறார்களே, அங்கே யாராவது அப்படிக் கேட்கிறோமா? வளைவு அழகு, இந்த ஓரத்துப் பச்சை தூக்கலாக இருக்கிறது என்று நாமே விமர்சிக்கிறோம். அந்தக் கண்ணை ஏன் கலைக்கூட வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும்?

நம் நாட்டு ஓவியர் லத்தீஃப் மொஹிதின் 1960களில் வரைந்த 'பாகோ பாகோ' வரிசைப் படங்களுக்கு முன்னால் ஒருவர் கோபுரம் என்பார், இன்னொருவர் மூங்கில் குருத்து என்பார். இரண்டுமே பொருந்தும், சண்டை வேண்டாம். பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே வருவதில்லை, பெரியவர்கள் குறுக்கே பேசாத வரை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள், மூன்று படம் போதும். படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விவரச் சீட்டைக் கடைசியில் படியுங்கள். கிட்டே போய்த் தூரிகை எப்படி ஓடியிருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் பத்தடி பின்னால் வந்து பாருங்கள், முதலில் கண் எங்கே போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று கவனியுங்கள். விலை கேட்காதீர்கள், தயவுசெய்து. அங்கே மாட்டியிருப்பவை விற்பனைக்கு இல்லை.

ஐந்து நிமிடம் நின்று பார்த்த பிறகும் பிடிக்கவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள், எது உறுத்துகிறது என்பதையும் சேர்த்து. நானும் கூட நின்று திட்டுகிறேன், எனக்கும் பிடிக்காத படங்கள் அங்கே நிறையவே இருக்கின்றன.