ஏசியை அணைத்த பிறகும் கத்துகிற கார்

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் என் பட்டறைக்கு ஒரு குறிப்பிட்ட சத்தம் வந்து சேரும். புளியறை எஸ் வளைவில் தினமும் ஏறி இறங்கும் கார்களின் முன்பக்கத்திலிருந்து, ஆட்டுக்கல்லில் மணல் சிக்கியதுபோல ஒரு கரகரப்பு.

போன மாதம் ஆரியங்காவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் அந்தச் சத்தத்தோடு வந்தார். "அண்ணாச்சி, கம்ப்ரசர் போய்விட்டதாம். புதிது போட வேண்டும் என்று ஒரு பணிமனையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்றார். சீட்டில் இருந்த தொகையைப் பார்த்தால் அவருடைய முகவாட்டம் நியாயம்தான்.

"ஏசியை அணைத்தால் சத்தம் நிற்கிறதா?"

"எங்கே நிற்கிறது? போடாவிட்டாலும் கத்துகிறது."

பாதி விடை அதிலேயே வந்துவிட்டது. ஏசியின் குளிரூட்டும் கேஸை அழுத்தித் தள்ளுவது கம்ப்ரசர். அதன் முகப்பில் இருக்கும் புல்லி என்கிற சக்கரம், எஞ்சின் ஓடும் வரை பெல்ட்டோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தாங்குவது நடுவில் உள்ள பேரிங். ஏசி பொத்தானை அழுத்தும்போதுதான் புல்லிக்குப் பின்னால் இருக்கும் ‘காயில்’ என்கிற கம்பிச்சுருள் காந்தமாகி, முன்னால் உள்ள கிளட்ச் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அதன் பிறகே உள்ளே இருக்கும் தண்டு சுழலும். ஏசி அணைந்திருக்கும்போது கம்ப்ரசருக்குள் எதுவும் அசைவதில்லை. அசையாத பொருள் எப்படிச் சத்தம் போடும்? ஏசியைப் போட்டால் மட்டும் சத்தம் வருகிறது என்றால், அப்போது கிளட்ச்சையோ கம்ப்ரசரின் உட்புறத்தையோ சந்தேகிக்கலாம். சில புதிய கார்களில் கிளட்ச்சே கிடையாது, கம்ப்ரசர் எப்போதும் சுற்றும். அவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது.

அதற்காக உடனே பேரிங்தான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பெரும்பாலான கார்களில் அதே பெல்ட் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் மீதும் ஓடுகிறது. எதில் பேரிங் தேய்ந்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்பதே நேர்வழி. தேநீர்க்கடைக்காரரின் காரில் கம்ப்ரசர் புல்லி மட்டும் விரலுக்குக் கரகரத்தது, பிடித்து ஆட்டினால் ஆடியது. நடுவில் செம்மண் போலத் துருத்தூள். பேரிங்கின் மூடியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் கெட்டுவிட்டது. மழை ஒரு காரணம். எஞ்சின் அறைக்குள் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது இன்னொரு காரணம். அதை அவர் மாதந்தோறும் பக்தியோடு செய்து வந்திருக்கிறார்.

பேரிங்கை மட்டும் மாற்றும் வேலைக்குக் கேஸைத் திறக்க வேண்டியதில்லை. இதைத்தான் வாடிக்கையாளர்கள் நினைவில் வைக்க வேண்டும். இடம் போதாத கார்களில் கம்ப்ரசரைத் தளர்த்திச் சாய்ப்போம், குழாய்களைத் தொடமாட்டோம். கம்ப்ரசரையே மாற்றினால் கேஸை இயந்திரத்தில் பிடித்து வைத்து, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, குழாய்களை வெற்றிடமாக்கி, எடைபோட்டு நிரப்ப வேண்டும். பேரிங் சில நூறு ரூபாய்ப் பொருள். இவருடையது 35 மி.மீ. உள்விட்டம், 55 வெளிவிட்டம், 20 அகலம். பல கார்களுக்குப் பொருந்துகிற அளவு. புல்லியின் உட்பக்கம் தேய்ந்து பேரிங் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் மட்டும் புல்லியோடு சேர்த்து மாற்றச் சொல்வேன்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பிரஸ் என்கிற அழுத்தும் இயந்திரத்தில் வைத்து, பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி இறக்க வேண்டும். கிளட்ச் தட்டுக்கு அடியில் காகிதம் போல மெல்லிய ஷிம் வளையங்கள் இருக்கும். தட்டுக்கும் புல்லிக்கும் இடையில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளியைக் காப்பவை அவைதாம். தொழில் கற்ற காலத்தில் அதில் ஒன்றைத் தரையில் தவறவிட்டுவிட்டு, கவனிக்காமல் பூட்டி அனுப்பினேன். தட்டு ஓயாமல் உரசிக் கருகி, மூன்றாம் நாள் அதே கார் திரும்பி வந்தது. புதுக் கிளட்ச்சை என் கைக்காசில் போட்டேன். இடைவெளி கூடினாலும் வம்புதான்: காயில் சூடேறியதும் தட்டை இழுக்க முடியாமல் மதிய வெயிலில் ஏசி நின்றுவிடும்.

சத்தம்தானே என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் பேரிங் சூடேறிக் காயிலைக் கருக்கும். ஒருநாள் புல்லி இறுகிப் பெல்ட்டை அறுக்கும். பெல்ட் போனால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறாது. அதே பெல்ட்டில் வாட்டர் பம்ப் ஓடும் கார்களில் எஞ்சின் கொதிக்கும், எண்ணெயில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் பாறையாகக் கனக்கும். கார்த்திகையில் சபரிமலை வண்டிகள் வரிசைகட்டும் கணவாயில், பாரவண்டிக்கு முன்னால் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலையே காரைக் கொடுத்துவிட்டேன். ஏசியைப் போடாமல், கண்ணாடியை இறக்கி, காதைச் சாய்த்தபடியே புளியறை வரை போனவர் அங்கிருந்து போன் செய்தார். இப்போது பிரேக்கில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்கிறதாம். அது முன்பே இருந்திருக்கும், அண்ணாச்சி. அந்தக் கரகரப்பில் உங்களுக்குக் கேட்கவில்லை என்றேன்.