‘ஷாக் தெரபி’: அதிர்ச்சி வைத்தியமா, ஒரேயடிச் சீர்திருத்தமா?

பொருளாதாரச் செய்தியில் ‘ஷாக் தெரபி’ என்று வந்தால் நம் ஆட்கள் ‘அதிர்ச்சி வைத்தியம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தமிழில் அதிர்ச்சி வைத்தியம் என்றால் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிக்கு வாக்காளர்கள் கொடுப்பது, அதாவது பாடம் புகட்டுவது. பொருளாதாரத்தில் அந்த அர்த்தமே கிடையாது. விலைக் கட்டுப்பாடு, மானியம், நாணய மதிப்பு, வெளிநாட்டு வணிகத் தடைகள் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் இழுக்காமல் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவதுதான் அங்கே ஷாக் தெரபி.

சொல் வந்தது மனநல மருத்துவத்திலிருந்து. 1930களில் மான்ஃப்ரெட் சாக்கெல் என்ற மருத்துவர் இன்சுலின் கொடுத்து நோயாளிகளைக் கோமாவுக்குக் கொண்டுபோய் மீட்டார். 1938-இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் மின்சாரம் பாய்ச்சினார்கள். அப்புறம் 1975-இல் சிலிக்குப் போன அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன், விலைவாசியை அடக்க இப்படியொரு சிகிச்சைதான் வழி என்றார். அங்கே நடந்தது பினோசெட்டின் ராணுவ ஆட்சி, கேள்வி கேட்க நாடாளுமன்றம் இல்லை.

போலந்தில் அப்படியில்லை, அதனால்தான் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள நான் போலந்தைப் பார்க்கச் சொல்வேன். 1989 ஜூன் தேர்தலில் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் செனட்டின் 100 இடங்களில் 99-ஐப் பிடித்தது, கீழவையில் கம்யூனிஸ்ட் அரசு போட்டியிட அனுமதித்த 35 சதவீத இடங்களையும் அப்படியே அள்ளியது. ஜெயித்தவர்களில் சிறைக்குப் போய்வந்தவர்கள் நிறைய, பட்ஜெட் போட்டுப் பழகியவர்கள் குறைவு. ஆலோசனை சொல்ல வந்த ஹார்வர்டு பேராசிரியர் ஜெஃப்ரி சாக்ஸிடம், திட்டத்தை எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார் இயக்கத் தலைவர்களில் ஒருவரான யாட்செக் குரோன். சாக்ஸும் டேவிட் லிப்டனும் கஸெட்டா விபோர்ச்சா நாளிதழ் அலுவலகத்தில் விடிய விடிய உட்கார்ந்து முதல் வரைவை அடித்து முடித்தார்கள். ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கு ஒரு ராத்திரி!

ஆனால் அந்த வரைவே சட்டமாகிவிடவில்லை. புதிய அரசின் நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச்சின் குழு செய்த திட்டம், ஒரு கட்டுச் சட்டங்களாக டிசம்பரில் அவைக்கு வந்தது. அதற்கென்றே ஒரு சிறப்புக் குழு உட்கார்ந்து பார்த்து, வருடம் முடிவதற்குள் நிறைவேற்றி, 1990 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்துவிட்டது. அந்த ஜனவரியில் மட்டும் விலைகள் ஏறக்குறைய 80 சதவீதம் ஏறின. மார்ச்சில் மாத ஏற்றம் 5 சதவீதத்துக்குள் அடங்கியது, காலியாகக் கிடந்த கடைகளில் சரக்கு வந்தது, வார்சா தெருக்களில் மடக்குக் கட்டிலைப் போட்டு அதில் கடை பரப்பினார்கள். இன்னொரு பக்கம், வேலையில்லாத் திண்டாட்டத்தையே ஒப்புக்கொள்ளாத நாட்டில் அந்த வருடக் கடைசிக்குள் 11 லட்சம் பேருக்கு மேல் வேலையில்லாதவர்களாகப் பதிந்திருந்தார்கள். ஆலோசகர் விமானம் ஏறிவிடலாம், சட்டத்துக்கு ஓட்டுப் போட்ட நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதிக்குத்தானே திரும்ப வேண்டும்? 1993 தேர்தலில் பழைய கம்யூனிஸ்டுகளின் வாரிசுக் கட்சியே முதலிடத்துக்கு வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அதிரடிச் சீர்திருத்தம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதிரடி என்றாலே போலீஸ் சோதனையும் ஆடித் தள்ளுபடியும்தான் நினைவுக்கு வருகின்றன, வேண்டாம். என் ஓட்டு ‘ஒரேயடிச் சீர்திருத்தம்’. எதிர்ப்பக்க வாதத்துக்குப் ‘படிப்படிச் சீர்திருத்தம்’ என்ற சொல் தயாராக இருக்கிறது, இரண்டும் பக்கத்தில் நின்றால் விவாதம் எதைப் பற்றியது என்று தானாகவே விளங்கும். அடி என்பதில் வலியும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: போலந்திலும் எல்லாமே ஒரேயடியாக நடக்கவில்லை. விலையை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டார்கள், பெரிய அரசு ஆலைகளை விற்பது வருடக்கணக்கில் இழுத்தது. ஆகவே எந்தப் பகுதிக்கு இந்தச் சொல் என்று பார்த்துப் போடுங்கள்.

மருத்துவ உவமையை வைத்தே யாராவது பேசினால் மட்டும் அதிர்ச்சி வைத்தியத்தை அப்படியே விடலாம். 1992-இல் ரஷ்யாவில் பொருளாதாரச் சீர்திருத்தத்தை நடத்திய யெகோர் கைதார் விலைகளை அவிழ்த்துவிட்டபிறகு ஜனங்கள் சொன்னது அப்படித்தான்: அதிர்ச்சி வந்தது, வைத்தியத்தைக் காணோம்.