வினாத்தாள் கசிவுக்கு இணையத்தை நிறுத்துவது மருந்தா?

மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு நெருங்கும்போதெல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "பரீட்சை நடக்கும் மூன்று மணி நேரம் மட்டும் நெட்டை நிறுத்திவிட்டால் என்ன?" ஈராக்கில் 2015 முதல் அப்படித்தான் செய்கிறார்கள். சிரியாவும் செய்தது. அல்ஜீரியாவில் 2018 ஜூனில் பள்ளியிறுதித் தேர்வுக்காக நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்தார்கள்.

நெட்வொர்க் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் பதில்: வேண்டவே வேண்டாம். தாள் பெரும்பாலும் தேர்வுக்கு முன்பே வெளியேறிவிடுகிறது. 2020-இல் இங்கே மெட்ரிக் கணித இரண்டாம் தாள் வாட்ஸ்அப்பில் சுற்றியபோது, அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர்தான் கைதானார். ராஜஸ்தானில் 2021 செப்டம்பரில் ஆசிரியர் தகுதித் தேர்வன்று பல மாவட்டங்களில் மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள். தாளோ ஜெய்ப்பூரில் பூட்டி வைத்திருந்த இடத்திலிருந்து முன்னதாகவே திருடு போயிருந்தது. 2022 பிப்ரவரியில் அந்தத் தேர்வில் 6 முதல் 8 வரையிலான வகுப்பு ஆசிரியர்களுக்கான இரண்டாம் நிலையை ரத்து செய்தார்கள். அன்று வாயடைக்கப்பட்ட லட்சக்கணக்கான போன்களுக்கும் அந்தத் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?

துண்டிப்பு எப்படி நடக்கிறது? அரசு உத்தரவு வந்ததும் தொலைத்தொடர்பு நிறுவனம் "இந்த இணைய முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்" என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் வழி அறிவிப்பைத் திரும்பப் பெறலாம். உடனே தரவுக்கு வழிகாட்டும் கருவிகளான வெளியுலக ரௌட்டர்களுக்கு அங்கே போகும் வழி தெரியாமல் போய்விடும். தரவுப் போக்குவரத்தைக் காட்டும் எங்கள் திரையில் அந்த நாட்டின் கோடு சட்டென்று அடிமட்டத்துக்கு விழும். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலடி கேபிள்கள் அறுந்தபோது, வேகம் குறைந்தாலும் மற்ற கேபிள்கள் வழியாகத் தரவைத் திருப்பிவிட முடிந்தது. உத்தரவு போட்டு அடைத்தால் திருப்பிவிட இன்னொரு வழி இருக்காது.

இதில் மாணவரின் போனை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்தவும் முடியாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மருந்துக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைச் சீட்டை நீட்டினால் கடைக்காரர் மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆன்லைனில் அனுப்பி அங்கேயே ஒப்புதல் வாங்குகிறார். இணைப்பு இல்லையென்றால் முழுப்பணத்தையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கார்டு இயந்திரமும் ஓடாது, ஆக ரொக்கம் வேண்டும். ரொக்கம் இல்லாத பாட்டி மருந்தில்லாமல் திரும்புவார். லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நாட்களில் மொபைல் டவர் பேட்டரி தீர்ந்தபோது இதையெல்லாம் நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம். அது மின் பற்றாக்குறையால் வந்தது. இதை வேண்டுமென்றே வரவழைப்பது கொடுமை.

2020 கசிவுக்குப் பிறகு எல்லோரும் மறுதேர்வு எழுத வேண்டும் என்ற கல்வித்துறை முடிவைக்கூட பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் டிசம்பர் 11 அன்று ரத்து செய்தது. சிலர் செய்த தவறுக்கு எல்லோரையும் தண்டிக்கும் வழி அங்கேயே அடைபட்டது. கவனம் போக வேண்டியது அச்சகத்திலும், தாள்கட்டு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும்தான்.

அப்புறம், உங்கள் பிள்ளையின் போனுக்கு வினாத்தாள் என்று ஏதாவது வந்தால் யாருக்கும் அனுப்ப வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்பது தெரியும்படி அப்படியே பள்ளி முதல்வரிடம் காட்டுங்கள். கசிவின் மூலத்தைத் தேடுபவர்களுக்கு அந்த நேரக்குறிப்பு மிகவும் தேவைப்படும்.