தோட்டத்து மோட்டார் வண்டி: மேடு ஏற வைக்கும் பல்சக்கரக் கணக்கு

பெங்களூரில் தரை சமமாகக் கிடப்பது அபூர்வம். கனகபுரா ரோடு பக்கம் தோட்டம் போட்டிருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும்: காய் பறிப்பதைவிட அதை மேட்டிலுள்ள கேட்டுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. தள்ளுவண்டியில் மோட்டார் பொருத்தலாம் என்றதும், எவ்வளவு பெரிய மோட்டார் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது பல்சக்கரங்களை.

வண்டி 50 கிலோ, பூசணியும் முருங்கையும் 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 கிலோ, பின்னுக்கு இழுக்கும். சக்கரம் புதைகிற இளகிய செம்மண்ணுக்கு இன்னொரு 15 கிலோ. ஆக 30 கிலோ; விசையின் அலகில் சொன்னால் சுமார் 300 நியூட்டன். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், நாம் கூடவே மெல்ல நடந்தால், 250 வாட் வேண்டும். 350 வாட் மோட்டாரே தாராளம்.

ஆனால் அது நிமிடத்துக்குச் சுமார் 3000 முறை சுற்றும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் இந்த நடைக்கு 40 முறை சுற்றினால் போதும். எனவே வேகத்தை 75 மடங்கு குறைக்க வேண்டும். வேகம் குறையக் குறைய முறுக்கு விசை, அதாவது அச்சைச் சுழற்றும் பலம், கூடும். மோட்டார் அச்சில் 1 நியூட்டன் மீட்டர்கூட இல்லாத விசை, சக்கரத்தில் 60 ஆகிறது. மோட்டாரோடு வரும் கியர்பெட்டி 10 மடங்கைப் பார்த்துக்கொள்ளும். மீதி ஏழரையை இரண்டு செயின்களில் பிரிக்கலாம்: 10 பல் சக்கரத்திலிருந்து 25 பல் சக்கரத்துக்கு, அப்புறம் 10 பல்லிலிருந்து 30 பல்லுக்கு.

இந்தக் குறைப்பைச் செய்யாமல் விட்டால் மோட்டார் கருகும். சுழலும் மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர்தான். அது உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. மேட்டில் திணறி நின்றுவிட்டால் அந்த எதிர் மின்னழுத்தம் பூஜ்யம். கம்பிச்சுருளின் சிறிய மின்தடை மட்டுமே மிச்சம். 24 வோல்ட்டில் வழக்கமாக 14 ஆம்பியர் எடுப்பது பல மடங்காகும், அத்தனையும் வெப்பமாகும். அதனால் மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் கண்ட்ரோலரை வாங்குங்கள், பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் தேடிப் பார்க்கலாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

திருப்பங்களில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கினால் ஒன்று மண்ணைக் கிளறும். ஒரே சக்கரத்தை ஓட்டி, மற்றதைத் தனியாகச் சுழல விடுவது எளிது. இறக்கத்துக்குக் கைபிரேக் கட்டாயம். மோட்டாரை நிறுத்தினாலும் சுமை வண்டியை உருட்டிக்கொண்டு போகும்.