மாமன் மகளும் மஜ்ஜைப் பொருத்தமும்

கொங்கு வேளாளர் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் கேட்பது கூட்டம் என்கிற குலப்பிரிவைத்தான். ஒரே கூட்டத்தார் பங்காளிகள் என்பதால் அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. மாமன் மகளோ வேறு கூட்டம், ஆகவே முறைப்பெண். ஆனால் கூட்டம் தந்தை வழியில் மட்டுமே இறங்குகிறது, மரபணு இருவழியிலும் இறங்குகிறது. மாமன் மகளை மணந்தவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு தாத்தாவும் ஒரு பாட்டியும் பொது. அந்த இருவரில் ஒருவரிடம் பழுதான மரபணு ஒன்று இருந்தால், அது இரு கிளைகளிலும் இறங்கி வந்து, இவர்களுடைய பிள்ளையிடம் இரட்டையாகச் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. தாலசீமியா என்ற ரத்தச்சோகை அப்படி வரும் நோய்களில் ஒன்று. உறவில் மணக்காதவர்களின் பிள்ளைகளுக்கும் அது வருகிறது என்றாலும், உறவு மணம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது.

இந்நோய் கடுமையாக உள்ள குழந்தையின் எலும்பு மஜ்ஜையால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியைச் சரிவர உருவாக்க முடியாது. பிறந்த சில மாதங்களில் குழந்தை வெளுக்கத் தொடங்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். ஒரு பை ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பும் உள்ளே போகிறது. மிகையான இரும்பை வெளியே தள்ளும் வழி உடலுக்கு இல்லாததால், அது கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. அதை வெளியேற்ற அன்றாடம் மாத்திரை தேவை. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இப்படிப் பிறக்கிறார்கள்.

ரத்தம் உருவாகும் பட்டறையையே மாற்றுவதுதான் மஜ்ஜை மாற்று சிகிச்சை. நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பதாக 1952இல் கண்டறியப்பட்ட, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகைக்கும் இதே வழி பொருந்தும். ஆனால் யாருடைய மஜ்ஜையையும் எடுத்து வைத்துவிட முடியாது. ஆறாம் குரோமோசோமில் நெருங்கி அமைந்த ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள்தான் தன் அணு எது, அயல் அணு எது என்று உடல் பிரித்தறியும் அடையாளத்தைத் தருகின்றன. இவை பெரும்பாலும் பிரியாத கட்டாக, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்த அண்ணனோ தங்கையோ தாலசீமியாவின் ஒற்றை மரபணுவைச் சுமப்பவராக இருந்தாலும் கொடையாளராகத் தடையில்லை.

பெற்றோர் பொதுவாகப் பாதிதான் பொருந்துவார்கள். நோயைக் கொண்டுவந்த உறவு மணமே கை கொடுப்பது இந்த இடத்தில்தான். மாமன் மகளை மணந்த தம்பதிகளில் நான்கில் ஒரு தம்பதிக்கு இந்தக் கட்டுகளில் ஒன்று தாத்தா பாட்டியிடமிருந்து பொதுவாக வந்திருக்கும். அக்கா மகளை மணந்திருந்தால் இரண்டில் ஒரு தம்பதிக்கு. தந்தையிடம் 1, 2 ஆகிய கட்டுகளும் தாயிடம் 1, 3 ஆகிய கட்டுகளும் இருப்பதாகக் கொள்வோம். தாயிடமிருந்து 1, தந்தையிடமிருந்து 2 பெற்ற பிள்ளைக்குத் தந்தையே முழுப் பொருத்தம். ஆகவே உடன்பிறந்தவர் பொருந்தவில்லை என்றதும் சோதனையை நிறுத்திவிடுவது நம் பகுதிக்குப் பொருத்தமற்ற சிக்கனம் என்பது என் எண்ணம். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து உறையிலிட்டு அனுப்பினாலே சோதனைக்குப் போதும். டிகேஎம்எஸ் என்ற கொடையாளர் பதிவு அமைப்பு இந்தியாவில் இலவச முகாம்கள் நடத்தி, இம்மாதிரிகளை ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள தன் ஆய்வகத்தில் சோதித்திருக்கிறது.

யாருமே முழுதாகப் பொருந்தாவிட்டால் பாதிப் பொருத்தமும் இப்போது வழியாகியிருக்கிறது. மாற்று மஜ்ஜை ஏற்றிய 3ஆம், 4ஆம் நாட்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற பழைய, விலை மலிந்த புற்றுநோய் மருந்தைக் கொடுக்கிறார்கள். குழந்தையின் உடலை அயலாகக் கண்டு வேகமாகப் பெருகும் கொடையாளரின் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களை அது அழிக்கிறது. ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களிடம் அம்மருந்தை முறிக்கும் நொதி மிகுதி என்பதால் அவை தப்பிவிடுகின்றன.

சிகிச்சை நாள் பார்ப்பதற்கு ஏமாற்றமாகவே இருக்கும். கொடையாளரை மயக்கத்தில் ஆழ்த்தி, இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் உறிஞ்சிய மஜ்ஜை, சாதாரண ரத்தப் பையைப் போலவே கம்பியில் தொங்கி, குழாய் வழியே சொட்டுச்சொட்டாகக் குழந்தையின் ரத்த நாளத்துக்குள் இறங்கும். செல்கள் ரத்தத்தில் மிதந்து, வேதிக் குறிப்புகளைப் பின்பற்றித் தாமே எலும்புக்குள் இடம் தேடிக்கொள்கின்றன. அதற்கு முந்தைய நாட்களில் கடுமையான மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழித்துவிடுவதால், புதியது வேரூன்றும் வரை, இரண்டு முதல் நான்கு வாரம், குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இராது. வடிகட்டிய காற்றும், சுடச்சுடச் சமைத்த உணவும் தேவைப்படுவது இதனால்தான். குக்கரிலிருந்து இறக்கிய அரிசிம்பருப்புச் சோறு கொடுக்கலாம். பழைய சோறும் பச்சைக் கொத்தமல்லிச் சட்டினியும் கூடாது.

இந்தியாவில் இச்சிகிச்சை மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும் வேலூர் சி.எம்.சி.யில் 1986இலும் தொடங்கியது. இன்று கோவையிலேயே நடக்கிறது. தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது அடங்கும்; 2017இல் தொடங்கிய கோல் இந்தியா திட்டம் தகுதியுள்ள தாலசீமியாக் குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் இத்தாலியில் லூக்கரெல்லி என்ற மருத்துவர் இச்சிகிச்சைக்கு வகுத்த அபாய அளவுகோல் கேட்கும் கேள்விகள் மூன்று: கல்லீரல் வீங்கியிருக்கிறதா, அதில் தழும்பு ஏறியிருக்கிறதா, இரும்பை நீக்கும் மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா. மூன்றுக்கும் விடை, மாற்று சிகிச்சை மையத்துக்கு வருவதற்குப் பல ஆண்டு முன்பே, ஊர்ப்பக்கத்து அரசு மருத்துவமனையில் முடிவாகிவிடுகிறது. பணத்துக்குத் தட்டுப்பாடு வருவதும் பெரும்பாலும் சிகிச்சை அறையில் அல்ல. வீடு திரும்பலாம் என்று சொன்ன பிறகும் நூறு நாள்போல மருத்துவமனைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். பனியன் கம்பெனியிலோ விசைத்தறியிலோ வாரக் கூலிக்குப் போகும் தந்தைக்கு அந்த மூன்று மாதத்தை எந்தத் திட்டம் ஈடுகட்டும் என்பதே குடும்பங்களின் முதல் கேள்வி.

தேறிய குழந்தையின் ரத்த வகை கொடையாளரின் வகையாக மாறிவிடும். பழைய இரும்பு மட்டும் கல்லீரலில் மிச்சமிருக்கும். அதைக் குறைக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தத்தை எடுக்கிறார்கள். அத்தனை ஆண்டுகள் ரத்தம் ஏற்றிய அதே கையிலிருந்து.