ரத்த வங்கியில் கொள்ளு, ஆய்வகத்தில் பலாக்கொட்டை: செல்லின் சர்க்கரைச் சங்கிலியைப் படிக்கும் கிளைக்கோமிக்ஸ்

கடலூர், புதுச்சேரி ரத்த வங்கிகளின் குளிர்பெட்டியில், ரத்த குரூப் பார்க்க உதவும் ஆன்டி-ஏ, ஆன்டி-பி புட்டிகளுக்குப் பக்கத்தில் 'ஆன்டி-ஏ1 லெக்டின்' என்றொரு சிறு புட்டி இருக்கும். அதில் இருப்பது கொள்ளு விதையின் சாறு. நாம் ரசம் வைக்கிற அதே கொள்ளுதான். இந்தியாவில் பணியாற்றிய ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் 1951-இல் இதைக் கண்டறிந்து 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். கொள்ளில் உள்ள ஒரு புரதம், ஏ குரூப் சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்கிறது. இப்படிச் சர்க்கரையை அடையாளம் கண்டு ஒட்டும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர்.

சர்க்கரை என்றதும் நீரிழிவு நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதுவல்ல. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் மேலே ஒரு சர்க்கரைப் போர்வை போர்த்தியிருக்கிறது. காலக்டோஸ், மேனோஸ், ஃபியூகோஸ், சியாலிக் அமிலம் போன்றவை கிளைகிளையாகக் கோத்த சங்கிலிகள் அவை. கிளைக்கான் என்பார்கள். ஓர் உயிரியின் எல்லாக் கிளைக்கான்களையும் மொத்தமாகப் படிக்கும் துறைதான் கிளைக்கோமிக்ஸ். மரபணுவைப் படிப்பதைவிட இது கடினம். வெவ்வேறான 3 அமினோ அமிலங்களை நேர்வரிசையில் 6 விதமாகத்தான் கோக்க முடியும். 3 சர்க்கரைகளையோ, எந்தக் கரியணுவில் எந்தப் பக்கமாக இணைகிறது என்பதைப் பொறுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதங்களில் கோக்கலாம். போதாததற்கு, இந்தச் சங்கிலிகளுக்கு நேரடியான மரபணு வார்ப்பு கிடையாது. பல நொதிகள் அடுத்தடுத்துக் கைவைத்துக் கட்டுகிற கட்டடம் அது. நோய் வந்தால் கட்டடம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் மருத்துவ ஆய்வு தேடுகிறது.

கொள்ளுச் சாறு எடுப்பதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். விதையைக் கரடுமுரடான மணல் பதத்துக்கு அரைத்து, அதன் அளவில் மூன்று நான்கு மடங்கு உப்புக்கரைசல் (0.9%) ஊற்றி, அறை வெப்பத்தில் 4 முதல் 12 மணி நேரம் ஊறவிட வேண்டும். இடையிடையே குலுக்க வேண்டும். தெளிவை 5 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி வடிகட்டினால் சாறு தயார். பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். ஏ குரூப்பில் ஏ1, ஏ2 என்று இரு உட்பிரிவுகள் உண்டு. சாறு ஏ1-ஐ மட்டும் திரட்ட வேண்டும், ஆனால் நீர்க்காத சாறு ஏ2 செல்லையும் திரட்டிவிடும். காரணம், இரண்டு வகையிலும் சர்க்கரை இருக்கிறது. ஏ1 சிவப்பணுவில் அது பல மடங்கு அதிகம், அவ்வளவுதான். எனவே ஏ1 செல்லை நன்றாகத் திரட்டி (திரளும் வலிமை 3+ அல்லது 4+), ஏ2, பி, ஓ செல்களைத் தொடாமல் விடும் அளவுக்கு உப்புக்கரைசலால் நீர்க்கச் செய்ய வேண்டும். தெரிந்த செல்களோடு ஒவ்வொரு தடவையும் ஒப்பிட்டுப் பார்க்காத சாறு பயனற்றது. பிறந்த குழந்தையின் செல்லில் இந்தச் சங்கிலி முழுதாக வளர்ந்திருக்காது என்பதால், அந்த வயதில் வரும் நெகட்டிவ் முடிவை வைத்து ஏ2 என்று எழுதிவிடக் கூடாது.

ஏ, பி, ஓ ரத்த குரூப் என்பதே ஒரே ஒரு சர்க்கரையின் வேறுபாடுதான். எச் எனப்படும் அடிச்சங்கிலியின் நுனியில் என்-அசிட்டைல் காலக்டோசமின் சேர்ந்தால் ஏ, காலக்டோஸ் சேர்ந்தால் பி, ஒன்றும் சேராவிட்டால் ஓ. அடிச்சங்கிலியே இல்லாதவர்களும் உண்டு. 1952-இல் ஒய்.எம். பெண்டேயும் உடனிருந்தவர்களும் விவரித்த பம்பாய் குரூப் அது. ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டு துளியை மட்டும் வைத்து ஸ்லைடில் பார்த்தால் இவர் 'ஓ' என்றே தெரிவார். ஆனால் இவர் உடலில் எச்-ஐ எதிர்க்கும் ஆன்டிபாடியான ஆன்டி-எச் இருக்கும். ஓ ரத்தம் ஏற்றினால் அந்தச் செல்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே சீரத்தை ஏ, பி, ஓ செல்களோடு கலந்து பார்க்கும் ரிவர்ஸ் குரூப்பிங்கை விடவே கூடாது. ஓ செல்லும் திரண்டால் உடனே எச் லெக்டின் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த லெக்டினும் யூலெக்ஸ் என்ற செடியின் விதையிலிருந்து வருவதே. வீட்டில் யாருக்காவது 'ஓ குரூப், ஆனால் எந்த ஓ பையும் கிராஸ்மேட்ச் ஆகவில்லை' என்று சொன்னால், பம்பாய் குரூப்பா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். உடன்பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். பொருந்தும் கொடையாளர் அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

விருத்தாசலம் பக்கம் விளையும் வேர்க்கடலைக்கும் இதே வங்கியில் வேலை உண்டு. 1964-இல் அதே பேர்ட் கண்டது. நிமோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் நியூராமினிடேஸ் என்ற நொதியால் சிவப்பணுவின் நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தைக் கத்தரித்துவிடும். அடியில் மறைந்திருந்த 'டி' (T) சர்க்கரை வெளியே தெரியும். வேர்க்கடலை லெக்டின் அதைப் பிடிக்கும். பெரியவர்கள் எல்லாருடைய பிளாஸ்மாவிலும் ஏறக்குறைய ஆன்டி-டி இருப்பதால், கடும் நிமோனியாவோடு சிறுநீரகமும் பாதித்த குழந்தைக்குப் பல மையங்கள் பிளாஸ்மா நீக்கிக் கழுவிய சிவப்பணுக்களையே தேர்ந்தெடுக்கின்றன. இன்றைய மோனோகுளோனல் ரீஏஜென்டுகளில் ஆன்டி-டி இல்லாததால், வழக்கமான குரூப்பிங்கில் இந்த மாற்றம் கண்ணில் படாது. மருத்துவர் ஐயம் எழுப்பினால்தான் தேடுவார்கள். (இந்த 'டி' T, ரீசஸ் 'டி' (D) அல்ல. பெயர் ஒலியால் பலர் குழம்புகிறார்கள்.)

பண்ருட்டிப் பலாக்கொட்டையில் இருப்பது ஜாக்கலின் என்ற லெக்டின். 1996-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழுவினர் அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். ஐ.ஜி.ஏ.1 என்ற ஆன்டிபாடியின் இடுப்புப் பகுதியில் குட்டையான சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு, ஐ.ஜி.ஏ.2-இல் அவை இல்லை. எனவே ஜாக்கலின் பூசிய மணிகள் நிரப்பிய குழாயில் சீரத்தை விட்டால் ஐ.ஜி.ஏ.1 ஒட்டிக்கொள்ளும். பிறகு காலக்டோஸ் கரைசல் விட்டால் கழன்று வரும். இந்தப் பிரித்தெடுப்பு ஏன் முக்கியம்? ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயில் அந்தச் சங்கிலிகளில் காலக்டோஸ் குறைந்திருக்கும். உடல் அதை அந்நியமாக நினைத்து எதிர்க்க, இரண்டும் சேர்ந்து சிறுநீரக வடிகட்டியில் படியும். தொண்டை வலி வந்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் கடும் டீ நிறத்தில் போனால் அது ஒரு முக்கியமான அடையாளம். 'சூடு' என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சிறுநீர் நிறம் தெளிந்த பிறகும் அதில் புரதம், சிவப்பணு உண்டா என்று பார்க்க வேண்டும், ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். நோயை உறுதி செய்வது இன்றும் சிறுநீரகத் திசு எடுக்கும் பயாப்சிதான்.

மைசூர்ப் பருப்பின் லெக்டின் கல்லீரலில் பயன்படுகிறது. ரத்தத்தில் பார்க்கும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு ஈரல் அழற்சியிலும் ஏறும், ஈரல் புற்றிலும் ஏறும். புற்றுச் செல் தயாரிக்கும் ஏ.எஃப்.பி.-யில் கூடுதலாக ஒரு ஃபியூகோஸ் ஒட்டியிருக்கும். பருப்பு லெக்டின் அதைத்தான் பிடிக்கும். மொத்த ஏ.எஃப்.பி.-யில், எல்3 எனப்படும் இந்த ஃபியூகோஸ் ஒட்டிய பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் ஐயம் வலுக்கும். அப்போதும் ஸ்கேன் பார்த்தே முடிவு செய்வார்கள்.

கணையப் புற்றோடு தொடர்புடைய சி.ஏ. 19-9 என்ற ரத்தச் சோதனையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஃபுல் பாடி செக்கப்' பொட்டலங்களில் இதைச் சேர்த்து விற்கிறார்கள். இது சியாலைல் லூயிஸ்-ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி. வழக்கமான உச்சவரம்பு 37 யூனிட். பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே இது பல மடங்கு எகிறும், அடைப்பு நீங்கினால் இறங்கும். மறுபக்கம், லூயிஸ் நொதி இல்லாதவர்களால் இந்தச் சங்கிலியைக் கட்டவே முடியாது. அவர்களுக்குக் கணையப் புற்று முற்றியிருந்தாலும் அளவு ஏறாமல் இருக்கலாம். ஆகவே நலமாக இருப்பவர் இதை எடுத்துப் பார்ப்பது வீண் பயத்தையோ வீண் நிம்மதியையோதான் தரும். புற்று உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று தொடர்ந்து பார்க்கவே இது பயன்படும்.

ஆய்வகத்தில் கிளைக்கானைக் கழற்றுவது பி.என்.கேஸ்-எஃப் என்ற நொதி. முதலில் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருள் சேர்த்துக் கொதிக்க வைத்துப் புரதத்தின் மடிப்பைப் பிரிப்பார்கள். அடுத்து அதை அடக்கும் என்.பி.-40 என்ற மென்மையான சோப்பைச் சேர்க்க மறந்தால், மிச்சமிருக்கும் எஸ்.டி.எஸ். நொதியையே கொன்றுவிடும். இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்தும் ஒன்றும் வராததற்கு முதல் காரணம் இது. செடி, பூச்சிகளின் சில சங்கிலிகளில் ஃபியூகோஸ் வேறு கோணத்தில் ஒட்டியிருப்பதால் அங்கே இந்த நொதி வெட்டாது, பி.என்.கேஸ்-ஏ வேண்டும். கழன்ற சங்கிலிக்கு ஒளிரும் சாயம் ஏற்றும்போது அமிலமும் வெப்பமும் மிஞ்சினால் சியாலிக் அமிலம் உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்த மாதிரியைப் படித்துவிட்டு 'நோயால் குறைந்தது' என்று எழுதும் ஆபத்து உண்டு. மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் எல்லாவற்றையும் சொல்லாது. சங்கிலியில் கோத்த நிலையில் காலக்டோஸ், மேனோஸ், குளுக்கோஸ் மூன்றும் அதன் கண்ணுக்கு ஒரே எடை, 162. எது எது என்று தெரிய நொதியோ லெக்டினோ துணைக்கு வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் வரும் சீரத்தில் கிருமி வளர்ந்து, அதன் நியூராமினிடேஸ் சங்கிலியைக் கத்தரித்துவிடலாம். எடுத்த அன்றே சீரத்தைப் பிரித்து, சின்னச் சின்னக் குப்பிகளாக்கி, மைனஸ் 80 டிகிரியில் வைப்பதே நல்லது. உருக்கி உருக்கி உறையவைக்கக் கூடாது.

தடுப்பூசியில் இந்த அறிவு ஏற்கெனவே நம் ஊர்க் குழந்தைகளைக் காக்கிறது. மூளைக்காய்ச்சல், நிமோனியா தரும் ஹிப் கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் ஊசியாகப் போட்டால் 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் சரியாகக் கற்றுக்கொள்ளாது. அதை ஒரு புரதத்தோடு இணைத்தால் கற்றுக்கொள்ளும். அப்படி இணைத்ததையும் சேர்த்த ஐந்து நோய்த் தடுப்பூசிதான் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கிய பென்டாவேலன்ட். 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணையும் தவறாமல் போட வேண்டும்.

'செல்லுக்குத் தேவையான எட்டுச் சர்க்கரை' என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கப்படும் பொடிகளை வாங்காதீர்கள். சோற்றிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸிலிருந்தே உடல் அத்தனையையும் செய்துகொள்ளும். விதிவிலக்கு, எம்.பி.ஐ. என்ற நொதி பிறவியிலேயே குறைந்த அரிய நோய். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தச் சர்க்கரை தாழ்தல், ஈரல் வீக்கம் என்று தவிக்கும் அந்தக் குழந்தைக்கு மேனோஸ் என்ற சர்க்கரையே வாய்வழி மருந்து. காரணம் தெரியாமல் எடை ஏறாத, ஈரலும் பாதித்த குழந்தைக்கு, டிரான்ஸ்ஃபெரின் என்ற ரத்தப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலியைப் பார்க்கும் சோதனை உண்டு. குழந்தை நல மருத்துவரிடம் பெயரைச் சொல்லியே கேட்கலாம். குழந்தைக்கு ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கொடையாளரின் டிரான்ஸ்ஃபெரினும் கலந்து முடிவைக் குழப்பிவிடும்.