சுட்டுக்கோட்டின் நுனி எங்கே குத்துகிறது?

வெள்ள நாட்களில் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டப்படும் வரைபடத்தை யாரும் ஆற அமரப் பார்ப்பதில்லை. கிராம உத்தியோகத்தர் வருவார், தமது பிரிவின் பெயரைத் தேடுவார், பெயரிலிருந்து புறப்படும் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து, அது முடியும் இடத்தில் விரலை வைப்பார். அவருக்கு வேண்டியது அந்த நுனிதான். வரைபடம் தயாரிப்பவர்களோ எழுத்து அழகாக அமர்ந்துவிட்டதா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கால்அவுட் எனப்படும் இந்தச் சுட்டுக்கோடுகளில் நான் காணும் குழறுபடிகள் பெரும்பாலும் நுனியில்தான் இருக்கின்றன.

எமது ஊரான திருகோணமலையில் சுட்டுக்கோடு இல்லாமல் காரியம் நடக்காது. நகரம் கடலுக்குள் நீண்ட ஒடுங்கிய நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலும் கோணேசர் கோயிலும் 1:50,000 அளவுத்திட்டத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளோ ஒரே வளவுக்குள் இருக்கின்றன. பெயரை எட்டத் தள்ளிவைத்துக் கோட்டால் இணைப்பதுதான் வழி. கடலோர மாவட்டக்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: கொட்டியாரக் குடாவில் எத்தனை பெயர்களையும் மிதக்கவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் சுட்டுக்கோட்டு வசதி 3.10 பதிப்போடு வந்தது. ஒரு பரப்புக்குள் நுனியை எங்கே நிறுத்துவது என்பதற்கு அது நான்கு தெரிவுகள் தருகிறது: எல்லைகளிலிருந்து மிகத் தூரமான உட்புள்ளி, எல்லையின் மேல் ஒரு புள்ளி, பரப்பின் மேல் ஒரு புள்ளி, மையப்புள்ளி. மையப்புள்ளி என்ற சொல்லை நம்பி அதைத் தெரிவுசெய்பவர்கள் அதிகம். உள்துறைமுகத்தை வளைத்துக் கிடக்கும் நிலத்தை ஒரே பரப்பாக வரைந்து மையப்புள்ளியைக் கேட்டால், அது தண்ணீருக்குள் விழும். எல்லையின் மேல் நிற்கும் நுனியும் வில்லங்கமானது, அது இரண்டு பிரிவுகளுக்கும் பொதுவாகத் தெரியும். நிர்வாகப் பிரிவுகளுக்கு முதலாவதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். தீவுகள் என்றால் இன்னொரு பெட்டியையும் பார்க்க வேண்டும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு உண்மையில் இரண்டு தீவுகள். இரண்டையும் ஒரே அம்சமாக, அதாவது தரவில் ஒரே பதிவாக, வைத்திருந்தால் கோடு ஒன்றுக்கு மட்டுமே போகும். எல்லாப் பகுதிகளுக்கும் கோடு வரையும் தெரிவை இயக்கினால்தான் சின்னத் தீவும் கணக்கில் வரும்.

கணினித் திரையில் தெரியாத வில்லங்கம் ஒன்று போட்டோக்கொப்பியில் தெரியும். நாம் நிறத்தில் அச்சிட்டுக் கொடுப்பது ஒரேயொரு தாள். களத்துக்குப் போவது அதன் கறுப்பு வெள்ளைப் பிரதி, சில வேளை அந்தப் பிரதியின் பிரதி. சிவப்புச் சுட்டுக்கோடும், மண்ணிறப் பாதையும், நீல வாய்க்காலும் அங்கே ஒரே கறுப்பு. கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து வயல்வெளிகளில் சுட்டுக்கோட்டை வாய்க்கால் என்றோ வரம்புப் பாதை என்றோ எடுத்துக்கொள்வதற்குப் புதியவராக இருக்க வேண்டியதில்லை, அவசரத்தில் இருந்தாலே போதும். நகருக்குள் செங்கோணமாக முறியும் கோட்டு வகை இதைவிட மோசம், அது அப்படியே ஒரு குறுக்குத் தெரு. நகர வரைபடத்தில் அதை நான் தொடுவதே இல்லை. நேர்கோடு, அதுவும் அருகிலுள்ள தெருவுக்குச் சாய்வாக, இருபுறமும் வெள்ளை விளிம்புடன், நுனியில் ஒரு சிறு புள்ளியோடு இருந்தால் எந்தப் பிரதியிலும் அது வீதியாகத் தோன்றாது. கன்னியா போன்ற இடங்களில் பெயர்களைக் கிணறுகளின் வரிசையிலேயே அடுக்க வேண்டும். வரிசை மாறினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும், வெட்டும் இடத்தில் கண் தடம் மாறிவிடும்.

பெயரை முதன்முறை கையால் நகர்த்தும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: ஒவ்வொரு அம்சத்தையும் அடையாளம் காண எந்தப் புலத்தை, அதாவது தரவு அட்டவணையின் எந்த நிரலை, வைப்பது? பலர் யோசிக்காமல் பெயர்ப் புலத்தைக் காட்டிவிட்டு அப்பால் போகிறார்கள். எமது பக்கத்துக் கோயில்களை மட்டும் கொண்ட தரவு அடுக்கில் ‘பிள்ளையார் கோயில்’ என்று எத்தனை புள்ளிகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றின் பெயரை நகர்த்தினால் அத்தனை பிள்ளையார்களின் பெயர்களும் அதே இடத்தை நோக்கி வரும். கிராம உத்தியோகத்தர் பிரிவுக் குறியீடு போல, திரும்ப வராத இலக்கம் ஒன்றே அந்தப் புலத்துக்குப் பொருந்தும்.

நகர்த்திய இடம் நிலத்தின் ஆள்கூறாகவே சேமிக்கப்படுகிறது. 1:50,000 தாளில் இரண்டு சென்ரிமீற்றர் தள்ளிவைத்த பெயர் நிலத்தில் ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. அதே வேலைக்கோப்பை 1:10,000 இல் திறந்தால் இடைவெளி பத்துச் சென்ரிமீற்றர், பெயர் தாளுக்கு வெளியே போயிருக்கும். ஒவ்வொரு அளவுத்திட்டத்துக்கும் அடுக்கின் தனிப் பிரதி வைத்துக்கொள்வது சலிப்பான வேலைதான், வேறு குறுக்குவழி எனக்கு அகப்படவில்லை. ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் பெயர்களை அனோட்டேஷனாக, அதாவது தனியாகச் சேமிக்கும் எழுத்தாக, மாற்றுகிறவர்கள், அம்சத்தோடு இணைந்த வகையைத் தெரிவுசெய்யாவிட்டால், தரவில் பெயரைத் திருத்தினாலும் தாளில் பழைய பெயரே கிடக்கும்.

தமிழ்ப் பெயர்கள் பாதியில் அறுந்துபோவதற்குச் சுட்டுக்கோடு காரணமல்ல, ஷேப்ஃபைல் என்ற தரவுக் கோப்பு வடிவம்தான். யுனிகோட் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் இடம் பிடிக்கும், உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் கணக்கு. ‘திருகோணமலை’ என்ற ஒரு சொல்லுக்கே 30 பைட் வேண்டும். ஆங்கிலப் பெயருக்கென்று 20 என அகலம் வைத்த புலத்தில் அது எப்படி முழுதாக நிற்கும்? தமிழ்ப் பெயர் வைக்கும் அடுக்குகளை ஜியோபேக்கேஜ் வடிவில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கோப்பை இன்னொருவருக்கு அனுப்பும்போதும் கவனம் வேண்டும். கையால் நகர்த்திய இடங்களெல்லாம் கியூஜிடி என்று முடியும் துணைக்கோப்பில் இருக்கின்றன. வேலையைக் கியூஜிஇசட் வடிவில் சேமித்தால் அது உள்ளேயே பொதிந்து போகும். கியூஜிஎஸ் வடிவில் சேமித்து அந்த ஒரு கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால், பெறுபவரின் திரையில் பெயர்களெல்லாம் பழையபடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும். அவரோ தமது கணினியில்தான் ஏதோ பழுது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.